ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு இருக்கு, கேள்வி எங்க?

தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. எம்.காம் ரெண்டாவது வருஷம், கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட், கைடு தலைப்பு குடுத்துட்டாங்க: "எ ஸ்டடி ஆன் கன்ஸ்யூமர் பெர்செப்ஷன் டுவர்ட்ஸ் டிஜிட்டல் பேமென்ட் வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு திருப்பூர் டிஸ்ட்ரிக்ட்", அதாவது டிஜிட்டல் பேமென்ட் பத்தி திருப்பூர் மாவட்டத்து நுகர்வோர் என்ன நினைக்கிறாங்கன்னு. ரெண்டு மாசமா ஃபைலைத் திறக்கவே புடிக்கலயாம். கிளாஸ்ல பாதி பேர் டவுன்ல ஒரு டிடிபி சென்டர்ல காசு குடுத்து முடிச்சுக்கலாம்னு இருக்காங்களாம். சாயங்காலம் அப்பாவோட மளிகைக் கடையில வேற நிக்கணும். "எங்களுக்கெல்லாம் ரிசர்ச்சே வராதா சார், இல்ல நாங்க சோம்பேறிங்களா?" இதான் கேள்வி.

தம்பி, ரெண்டும் இல்லீங்க. நான் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல காமர்ஸ் எடுக்குறேன், பதினேழு வருஷமா ப்ராஜெக்ட் கைடு பண்ணியிருக்கேன், எக்ஸ்டர்னலா, அதாவது வெளித் தேர்வாளரா, வைவாங்கிற வாய்மொழித் தேர்வுக்கும் நாலஞ்சு மாவட்டம் போயிருக்கேன். நான் பார்த்த வரைக்கும் பசங்க ஆராய்ச்சிய வெறுக்கல, அவங்க கையில குடுக்குற பொருளுக்கு ஆராய்ச்சின்னு பேர் வெச்சதுதான் தப்பு. மண்டபத்தை புக் பண்ணிட்டு அப்புறமா பொண்ணு தேடுற கதைதான் இது. முதல்ல தலைப்பு வந்துடுது, அப்புறம் அந்த தலைப்புக்கு அப்ஜெக்டிவ் நாலு, ஹைப்பாதிசிஸ் அஞ்சு, கொஸ்டினேர்ல முப்பது கேள்வி, எல்லாம் வரிசையா வந்துடுது. "இதுல எனக்கு என்ன தெரியணும்?"ங்கிற ஒத்தக் கேள்வி மட்டும் கடைசி வரைக்கும் வர்றதே இல்ல. தெரிஞ்சுக்கணும்னு ஒண்ணுமே இல்லாத வேலையை யாருதான் ஆசையா செய்வாங்க சொல்லுங்க.

இது உங்க தப்பும் கிடையாது. பன்னெண்டாவது வரைக்கும் புத்தகத்துக்குப் பின்னாடி இருக்குற கேள்விக்கு புத்தகத்துக்குள்ள இருக்குற பதிலை எழுதி மார்க் வாங்குனோம், யூஜில கொஸ்டின் பேங்க், அஞ்சு மார்க் பத்து மார்க்னு அதே கதை. பதினஞ்சு பதினாறு வருஷம் பதில் எழுத மட்டும் பழக்கிட்டு திடீர்னு நாலாவது செமஸ்டர்ல "நீயே கேள்வி கேளு, நீயே பதில் தேடு"ன்னு விட்டா கை நடுங்கத்தான் செய்யும். அதுவும் முக்கால்வாசி பேர் வீட்டுல முதல் பட்டதாரி, தீசிஸ்னா எப்படி இருக்கும்னு காட்ட வீட்டுல ஆள் கிடையாது. காலேஜ்ல காட்டுறதும் போன வருஷ சீனியரோட பைண்டிங்தான். சீனியர் அவரோட சீனியரைப் பார்த்துப் போட்டது, அவர் அதுக்கு முந்தின செட்டைப் பார்த்து. நான் ஒரு தடவை ஒரு ப்ராஜெக்ட்ல "தற்காலத்தில் பேஜர் பயன்பாடு பெருகி வருகிறது"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி பார்த்தேன், வருஷம் 2014.

சரி, கேள்வி இல்லாம ப்ராஜெக்ட் பண்ணா என்ன ஆகும்னு ஒரு சாம்பிள் சொல்றேன், எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா கைடு நான்தான். ஒரு பையன், உங்க தலைப்பு மாதிரியே ஒண்ணு. கூகுள் ஃபார்ம் போட்டு கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல லிங்க் விட்டான், "ஃப்ரெண்ட்ஸ் ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான்". 120 பேர் ஃபில் பண்ணாங்க. அதுல 104 பேர் 18லிருந்து 25 வயசுக்குள்ள. ஏன்னா குரூப்ல இருக்குறதே அவங்கதானே. டேபிளுக்குக் கீழ என்ன எழுதியிருந்தான் தெரியுங்களா, "டிஜிட்டல் பேமென்ட்டை அதிகம் பயன்படுத்துவது இளைஞர்களே என்று ஆய்வில் கண்டறியப்பட்டது". அவன் கண்டுபிடிச்சது அவனோட வாட்ஸ்ஆப் குரூப்ல யார் இருக்காங்கங்கிறதை மட்டும்தான்.

அதோட நிக்கல. அடுத்து சை ஸ்கொயர், ரெண்டு விஷயத்துக்குள்ள தொடர்பு இருக்கான்னு பார்க்குற புள்ளியியல் சோதனை. வயசு நாலு குரூப், திருப்தி அஞ்சு லெவல், மொத்தம் 20 கட்டம். மிச்சமிருக்குற 16 பேர் மூணு வயசு குரூப்ல, அதாவது 15 கட்டத்துல நிக்கணும். கட்டத்துக்கு ஒருத்தர் கூட ஒழுங்கா தேறாது. சை ஸ்கொயர் நம்பணும்னா எதிர்பார்க்கப்படுற எண்ணிக்கை பெரும்பாலான கட்டத்துல குறைஞ்சது 5 இருக்கணும்ங்கிறது வழக்கமா சொல்ற விதி. கணக்குப் போட்டுக் குடுக்குற எஸ்.பி.எஸ்.எஸ். சாஃப்ட்வேர் இதை அவுட்புட்டுக்கு கீழயே சின்ன எழுத்துல எச்சரிக்கையா போட்டுக் குடுக்கும், இத்தனை கட்டத்துல 5க்கும் கீழன்னு. நம்ம பையன் பார்த்தான், அந்த வரி டேபிளுக்கு அழகா இல்லைன்னு அழிச்சுட்டான். வைவால எக்ஸ்டர்னல் "ஏம்ப்பா சை ஸ்கொயர் போட்ட?"ன்னு கேட்டதுக்கு "சீனியர் போட்டிருந்தாங்க சார்". நேர்மையான பதில்தான், அதுக்கே மார்க் குடுக்கலாம்.

இதே மாதிரி இன்னொண்ணு அந்த 384. எந்த ப்ராஜெக்ட்டை எடுத்தாலும் சாம்பிள் சைஸ் 384ன்னு இருக்கும். அது க்ரெஜ்சி, மார்கன்னு ரெண்டு பேர் 1970ல போட்ட அட்டவணையில இருந்து வர்றது, மொத்த ஜனத்தொகை பத்து லட்சம்னா 384 போதும்னு அது சொல்லும். ஆனா அது குலுக்கல் மாதிரி யாரை வேணா எடுக்க சம வாய்ப்பு இருக்குற சாம்பிளுக்கான கணக்கு. லிங்க் அனுப்பி வந்தவங்களை எல்லாம் சேர்த்துக்கிட்டு 384 ஆனதும் நிறுத்துனா அந்த நம்பருக்கு எந்த மரியாதையும் இல்ல. அதுக்கு உக்காந்து பேசுன நாப்பது பேர் எவ்வளவோ மேல்.

இப்ப இன்னொரு பக்கம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, பல்லடம் பக்கம் விசைத்தறி வீடு. என்கிட்ட வந்து ஒரு ஷாம்பூ பேரைச் சொல்லி அதுக்கு கஸ்டமர் சாட்டிஸ்ஃபாக்‌ஷன் பண்றேன் சார்னுச்சு. ஏம்மா அந்த ஷாம்பூன்னு கேட்டேன். சும்மா சார், கடையில கிடைக்கும்ல. சரி, உங்க வீட்டுல ராத்திரி சாப்புடும்போது என்னம்மா பேசுவாங்கன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "கூலியும் கரண்ட் பில்லும்தான் சார்". அங்கெல்லாம் கூலிக்கு நெசவுங்க, ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலையும் ஊடை நூலையும் குடுப்பாரு, இவங்க தறி ஓட்டித் துணியா குடுத்து கூலி வாங்கணும், கூலி உயர்வுக்கு வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை நடக்கும். 2022 செப்டம்பர்ல கரண்ட் கட்டணம் ஏறுச்சு, அப்புறம் 2023 மார்ச்ல விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவசமா இருந்ததை 1000 யூனிட்டா ஆக்குனாங்க. அந்தப் பொண்ணு ஒரு விஷயம் சொல்லுச்சு: "எங்கப்பா இதனால பரவாயில்லைங்கிறாரு, எங்க பெரியப்பா ஒண்ணுமே தெரியலங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே தொழில்லதான் சார் இருக்காங்க".

அவ்வளவுதாங்க, அதான் கேள்வி. ஒரே சலுகை, ஒருத்தருக்குத் தெரியுது இன்னொருத்தருக்குத் தெரியல, ஏன்? அப்பாவுக்கு நாலு தறி, பெரியப்பாவுக்குப் பதினாறு. அந்தப் பொண்ணு சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு 22 வீட்டுல இ.பி. பில்லையும் கூலி நோட்டையும் ரெண்டு வருஷத்துக்கு வாங்கி எழுதுச்சு. பில்லு பாதி வீட்டுல தொலைஞ்சு போச்சு, கன்ஸ்யூமர் நம்பரை வெச்சு ஆன்லைன்ல கிடைச்ச வரைக்கும் எடுத்துச்சு. எல்லாருக்கும் குறையுற யூனிட் ஒண்ணுதான், அதனால சின்ன பில்லுல அது பெரிய துண்டு, பெரிய பில்லுல அது கண்ணுக்கே தெரியாது, போதாக்குறைக்கு ஏறுன கட்டணம் மிச்சத்தை முழுங்கிடுச்சு. இதுல பெரிய புள்ளியியல் ஒண்ணும் இல்ல, கூட்டல் கழித்தல் சதவீதம். ஆனா வைவால அந்த எக்ஸ்டர்னல் முக்கால் மணி நேரம் பேசிட்டு இருந்தாரு, மத்த பசங்களுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஷாம்பூ பண்ணியிருந்தா அதுவும் அஞ்சு நிமிஷம்தான். அந்தப் பொண்ணு என்னமோ பிறவி மேதைன்னு நினைக்காதீங்க, அதே பொண்ணுதான் மூணு மாசம் முன்னாடி ஷாம்பூவோட வந்துச்சு.

இப்ப உங்க தலைப்புக்கு வர்றேன். கைடு குடுத்த தலைப்பை மாத்தச் சொல்லி சண்டை போட வேணாம், ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆகியிருக்கும். தலைப்புக்குள்ளயே கேள்விய சுருக்கிக்கலாம், எந்தக் கைடும் அதுக்கு வேணாம்னு சொல்ல மாட்டாங்க, சொல்லப்போனா சந்தோஷப்படுவாங்க. நீங்களே மளிகைக் கடையில நிக்கிறீங்க. யு.பி.ஐ. 2016ல வந்துச்சு, 2020 ஜனவரியில இருந்து அதுக்கு வியாபாரிகிட்ட கட்டணம் கிடையாது, இப்ப கடைக்குக் கடை ஸ்பீக்கர் பெட்டி கத்துது. ஆனா உங்க கடையில அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலயே கடன் நோட்டும் இருக்கும் பாருங்க. ஜிபே வந்ததுக்கு அப்புறம் கடன் நோட்டு மெலிஞ்சிருக்கா? கையில காசு இல்லாததால கடன் சொன்னவங்க இப்ப போன்ல போடுறாங்களா, இல்ல பேங்க்லயும் காசு இல்லாததால நோட்டுலயே இருக்காங்களா? யாரெல்லாம் மாசம் முழுக்க நோட்டுல எழுதி சம்பளத்தன்னிக்கு மொத்தமா ஜிபே பண்றாங்க? இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது, உங்க கைடுக்கும் தெரியாது, உங்க அப்பாவுக்கு ஓரளவு தெரியும். கன்ஸ்யூமர் பெர்செப்ஷனுக்குள்ள இது தாராளமா அடங்கும்.

ஒரு கடை பத்தாதுதான், பத்துப் பன்னெண்டு கடை எடுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு, கிராமத்துல நாலு, லைன் வீடுங்க இருக்குற பகுதியில நாலுன்னு பார்த்து எடுங்க, எதுக்கு இவங்களை எடுத்தேன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. முடிவுல "திருப்பூர் மாவட்ட நுகர்வோர் அனைவரும்"னு எழுதாதீங்க, "நான் பார்த்த இந்தக் கடைகள்ல"ன்னு எழுதுங்க. அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, கடன் நோட்டுங்கிறது ஊரோட மானம், ஒருத்தர் பேர் கூட உங்க ஃபைலுக்குள்ள வரக்கூடாது, வ1, வ2ன்னு நம்பர் போட்டுக்குங்க, கடைக்காரர்கிட்ட எதுக்குன்னு சொல்லிட்டு சம்மதம் வாங்கிட்டுத்தான் நோட்டைத் தொடணும், போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க.

ஏற்கனவே வந்த ஆய்வுகளைப் படிச்சு எழுதுற ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்தான் எல்லாருக்கும் வயித்தைக் கலக்குற அத்தியாயம், அதுல பாதி பயம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்துல இருந்து வந்த பசங்க ஒரு பேப்பரை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் டிக்‌ஷனரி வெச்சுப் படிக்கப் பார்ப்பாங்க, ரெண்டாவது பக்கத்துல மூடிடுவாங்க. அப்படிப் படிக்கிறவங்க யாருமே கிடையாதுங்க, நானும் கிடையாது. முதல்ல அப்ஸ்ட்ராக்ட், அப்புறம் நேரா டேபிள், அப்புறம் முடிவுரை. உங்க கேள்விக்கு ஒத்து வந்தா மட்டும் நடுவுல போங்க. படிச்சதும் மூடி வெச்சுட்டு தமிழ்ல நாலு வரி எழுதுங்க: இவங்க என்ன கேட்டாங்க, யார்கிட்ட கேட்டாங்க, என்ன கிடைச்சுது, எனக்கு எங்க இடிக்குது. அந்த நாலாவது வரிதான் முக்கியம். அது இல்லாட்டி ரிவ்யூங்கிறது வெறும் வரிசை, "குமார் அவர்கள் இவ்வாறு கூறினார், ராணி அவர்கள் அவ்வாறு கூறினார்"னு கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேர் போட்ட மாதிரி இருக்கும்.

எங்க தேடுறதுன்னா, ஷோத்கங்கா இருக்கு, காந்திநகர்ல இருக்குற இன்ஃப்ளிப்நெட் நடத்துறது, இந்தியா முழுக்க பல்கலைக்கழகங்கள்ல குடுத்த பிஹெச்டி தீசிஸ் லட்சக்கணக்குல இலவசமா கிடைக்கும். ஆனா அதைப் பார்த்து காப்பியடிக்கப் போகாதீங்க, பின்னாடி இருக்குற பிப்ளியோகிராபிய, அதாவது அவங்க படிச்ச நூல்களோட பட்டியலை மட்டும் பாருங்க, அடுத்து என்ன படிக்கணும்னு அது சொல்லும். தமிழ்த் தீசிஸ் தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, நிறையது ஸ்கேன் பண்ணது இல்ல பழைய ஃபான்ட்ல அடிச்சது, தமிழ்ல டைப் பண்ணித் தேடுனா உள்ள இருக்குறது சிக்காது, தலைப்பை வெச்சு ஒவ்வொண்ணா திறந்துதான் பார்க்கணும். அரசு காலேஜ்னா 2025 ஜனவரியில இருந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன் இருக்கு, 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், காலேஜ் வழியா உள்ள போகலாம். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான், தனியார் காலேஜ்னா காலேஜுகளுக்கு ஆன்லைன்ல ஜர்னல், புத்தகம் குடுக்குற என்-லிஸ்ட் இருக்கான்னு லைப்ரேரியன்கிட்ட கேளுங்க, யூசர்நேம் பாஸ்வேர்டு குடுப்பாங்க. நான் சத்தியமா சொல்றேன், எங்க காலேஜ்ல நாலு வருஷமா யாருமே கேட்காததால அந்த லைப்ரேரியன் நான் கேட்டப்ப எந்திரிச்சு நின்னுட்டாரு. சென்னைப் பக்கம் இருக்குறவங்க, குறிப்பா தமிழ், வரலாறு படிக்கிறவங்க, தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர்ல கன்னிமாரா, ஆவணக் காப்பகம் இதெல்லாம் ஒரு தடவையாவது போய் உக்காந்து பாருங்க.

படிப்புன்னதும் புத்தகம் மட்டும்னு நினைக்காதீங்க. 1880ல கும்பகோணத்துல முன்சீப்பா இருந்த சேலம் ராமசாமி முதலியார், அப்ப அங்க காலேஜ்ல தமிழாசிரியரா புதுசா சேர்ந்த உ.வே.சா.வைப் பார்த்து என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டு, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னாரு. படிச்சதில்ல. ஏடு கைக்கு வந்ததும் படிச்சா புரியல, சமண விஷயம் நிறைய. அவர் என்ன பண்ணாரு, ஊருக்குள்ள இருந்த சமணர்கள் வீட்டுக்கே போய் உக்காந்து கேட்டாரு. 1887ல பதிப்பு வந்துச்சு. அந்தக் காலத்து ஃபீல்டு வொர்க்குங்க அது. நீங்க கடைக்காரர்கிட்ட போய் உக்காந்து பேசுறதும் அதே ஜாதிதான், தாழ்வா நினைக்காதீங்க.

காப்பி விஷயம். 2018ல யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்தித் திரும்பக் குடுக்கணும், 40க்கு மேல 60 வரைக்கும்னா ஒரு வருஷம் திரும்பக் குடுக்கவே முடியாது, அதுக்கும் மேலன்னா பதிவே ரத்து. இதுக்குப் பயந்துக்கிட்டு பசங்க வார்த்தைய மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு எடுக்குறாங்க, இதுதான் இன்னும் கேவலமா மாட்டிவிடும். 2021ல மூணு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி பேப்பர்களைத் தேடிப் புடிச்சாங்க, ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்ங்கிறது "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்"னு மாறியிருந்துச்சு, பிரெஸ்ட் கேன்சர், அதாவது மார்பகப் புற்றுநோய், "பூஸம் பெரில்" (நெஞ்சு ஆபத்து) ஆகியிருந்துச்சு. இப்ப சாட்ஜிபிடி. அதை நான் தொடவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், புரியாத பத்திய விளக்கச் சொல்லி கேளுங்க, உங்க இங்கிலீஷைத் திருத்தச் சொல்லுங்க. ஆனா ரெஃபரன்ஸ் மட்டும் கேட்காதீங்க, இல்லாத ஜர்னல்ல இல்லாத ஆள் எழுதுன பேப்பரை வால்யூம் நம்பரோட குடுக்கும். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள் அப்படி இல்லாத தீர்ப்புகளை கோர்ட்ல குடுத்துட்டு 5,000 டாலர் அபராதம் கட்டுனாங்க. திறந்து பார்க்காத எதையும் லிஸ்ட்ல போடக்கூடாது, அவ்வளவுதான் ரூல்.

அந்த டிடிபி சென்டரைப் பத்தி: காசு மட்டும் இல்ல, வைவால "இந்த நாப்பத்தி மூணாவது பக்கத்துல இருக்குறது என்ன?"ன்னு கேட்டா வேர்க்கும் பாருங்க, அதுக்குத் தனியா காசு வாங்கல அந்தக் கடை. போதாததுக்கு ஒரே ஃபைலை மூணு காலேஜுக்கு வித்திருப்பான், நான் ஒரே வாரத்துல ரெண்டு ஊர்ல ஒரே ப்ராஜெக்ட்டுக்கு எக்ஸ்டர்னலா போயிருக்கேன், எழுத்துப்பிழை முதக்கொண்டு ஒண்ணா இருந்துச்சு. அதே மாதிரி "ரெண்டு நாள்ல பேப்பர் பப்ளிஷ், இ-சர்டிபிகேட் உடனே"ன்னு வாட்ஸ்ஆப்ல வர்ற ஜர்னல் பக்கம் போகாதீங்க. யு.ஜி.சி.யோட பட்டியல்ல இருந்தே 2018ல 4,305 ஜர்னலைத் தூக்குனாங்க, அப்படின்னா வெளிய எவ்வளவு இருக்கும்னு பார்த்துக்குங்க. எம்.காம் ப்ராஜெக்ட்டுக்கு பப்ளிகேஷன் தேவையே இல்ல. பிஹெச்டிக்கே 2022 விதியில கட்டாயம்னு இருந்ததை எடுத்துட்டாங்க, பல்கலைக்கழகங்கள் தனியா கேட்குறது வேற விஷயம்.

கைடு நேரம் குடுக்க மாட்டேங்குறாங்கங்கிறது உண்மையான குறைதான், மறைக்க விரும்பல. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கிளாஸ்னு கணக்கு, அதுக்கு மேல காலேஜுக்குத் தரச்சான்று வாங்குற நாக் வேலை, அட்மிஷன் வேலை, பத்துப் பதினஞ்சு ப்ராஜெக்ட். அதனால "சார் எப்படிப் பண்றது"ன்னு வெறுங்கையோட போகாதீங்க. ஒரு பக்கம் எழுதிட்டுப் போங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல, திருத்துறதுக்கு எங்களுக்குப் பத்து நிமிஷம் போதும், புதுசா யோசிச்சுச் சொல்றதுக்கு ஒரு நாள் வேணும், அந்த ஒரு நாள் எங்ககிட்ட இல்ல. பொண்ணுங்களுக்கு இன்னொரு கஷ்டம், வெளியூர் போய் டேட்டா எடுக்க வீட்டுல விட மாட்டாங்க. அதைக் கோழைத்தனம்னு பேசுற கைடுங்களை நான் பார்த்திருக்கேன், எரிச்சலா வரும். நடந்து போற தூரத்துல கேள்விய வெச்சுக்கிட்டா அந்தப் பிரச்சனை பாதி தீரும்.

கடைகளுக்குப் போறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல இந்த காலேஜ் ஸ்டூடண்ட்தான்னு ஒரு போனஃபைட் லெட்டர் வாங்கிக்குங்க, இல்லாட்டி ஜி.எஸ்.டி. ஆபீஸ்ல இருந்து வந்திருக்கான்னு நினைச்சு ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. சாயங்காலம் ஆறு டு எட்டு எந்தக் கடைக்கும் போகாதீங்க, உங்களுக்கே தெரியும். மதியம் ரெண்டு மூணு மணிக்குப் போங்க. முதல்ல ரெண்டு கடையில மட்டும் கேட்டுப் பாருங்க, உங்க கேள்வியில எது அவங்களுக்குப் புரியலைன்னு அங்கயே தெரிஞ்சுடும், மாத்திட்டு மத்த கடைக்குப் போங்க. எஸ்.பி.எஸ்.எஸ். எல்லாம் அப்புறம், முதல்ல ஒரு எக்ஸெல் ஷீட்டு, வாரத்துக்கு ஒரு வரி: நோட்டுல எழுதுனது எவ்வளவு, ஜிபே எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ராத்திரி கடை சாத்துனதும் பழைய கடன் நோட்டெல்லாம் எங்க இருக்குன்னு அப்பாகிட்ட கேளுங்க, 2019, 2020 நோட்டு கிடைச்சா உங்களுக்கு லாட்டரிதான். பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டிருந்தா இந்த வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், அப்படின்னா கேள்வியக் கொஞ்சம் மாத்தணும், நோட்டு இருந்ததா இல்லையான்னு நாளைக்கு எழுதுங்க.